சுவருக்கும் பிடரிக்கும் இடையில்

குதிக்கால் சுவரில் முட்ட வேண்டும்,
முதுகு முட்ட வேண்டும்,
பிறகு பின்மண்டை.
மூன்றாவது முட்டவில்லை.
பஸ்மியா ஒரு பள்ளிக்கூட அடிமட்டத்தை
என் பிடரிக்குப் பின்னால் நுழைத்துப் பார்த்தாள்.
"ஒன்பது, ஐயா."
இரண்டு தீப்பெட்டி நீளத்துக்குச் சற்றுக் குறைவு.
கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

சீனக்குடாவில் முப்பத்தொரு வருசம்
கோதுமை இறக்கும் கிரேன் ஓட்டியவன் நான்.
தொண்ணூறு அடி உயரத்துக் கூட்டுக்குள் இருந்து
குனிந்து பார்ப்பதே உத்தியோகம்:
கப்பலின் வயிறு, தானியக் குவியல்,
கை காட்டும் சேகுதாவூதின் மஞ்சள் தொப்பி.
ஆனால் அதனால் வந்த கூன் அல்ல இது.
தூசு முட்டைக் கொண்டுவந்தது,
முட்டுக்குச் சின்ன வெள்ளைக் குளிசை தந்தார்கள்,
குளிசை மூச்சைக் கடனாகத் தந்து
முள்ளந்தண்டில் வட்டி அறவிட்டது.

டொக்டர் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
மூன்று எலும்புகள் முன்பக்கம் நசிந்து
கதவுக்கு வைக்கும் ஆப்பு மாதிரி.
எப்போது முறிந்தன?
ஒன்று, அரிசி மூட்டை தூக்கிய அன்றாயிருக்கலாம்.
ஒன்று, தும்மியபோது.
மற்றது என்னிடம் சொல்லவேயில்லை.

இப்போது ஊரைக் கால்களால் அறிகிறேன்.
பஸ் நிலையத்து மான்கள் எனக்குக் குளம்புகள்தான்;
கொம்பு முளைத்ததா விழுந்ததா
பக்கத்தில் நிற்பவரைக் கேட்க வேண்டும்.
மீன் சந்தையில் யாருடைய சில்லறை விழுந்தாலும்
முதலில் காண்பவன் நான்.
எடுக்கக் கூடாதவனும் நான்.
"முன்னுக்குக் குனியாதீங்க ஐயா,
முழங்காலை மடிச்சு இறங்குங்க."
நிலத்தையே பார்க்கும்படி வளைந்தவனுக்கு
நிலத்தைத் தொடத் தடை.
சொன்னேன், சிரித்தாள்.
நானும் சிரித்தேன், விலா நொந்தது.

தொண்ணூறு அடியிலிருந்து ஒருநாளும் விழாதவன்
குளியலறைப் படியில் விழுந்தேன்.
உயரம் இரண்டு அங்குலம்.
மணிக்கட்டு. ஆறு கிழமை இடக்கையால் சோறு.
கட்டைப் பிரித்த பிறகு வந்ததுதான் பெரிய வருத்தம்:
படலை மட்டும் போகவே சுவரைத் தடவினேன்.
கனகாம்பிகை கால்மிதிகளை எல்லாம் சுருட்டி
கிணற்றடிக்கு அப்பால் எறிந்தாள்,
இரவு முழுக்க ஒரு விளக்கு எரியவிட்டாள்,
மின்சார பில்லைப் பற்றி மட்டும்
என்னிடம் ஒன்றும் பேசவில்லை.

கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பு, பத்துத் தரம்.
நாடியை உள்ளே இழு,
மேசை லாச்சியைச் சத்தமில்லாமல் சாத்துவது போல.
தோள்பட்டைகளுக்கு நடுவில் ஒரு பென்சில் இருப்பதாய் நினை,
விழவிடாதே.
அடுப்படித் தொட்டியைத் தொட்டுக்கொண்டு
ஒற்றைக் காலில் நில், பால் பொங்கும் வரை.
(பால் இரண்டு தரம் வழிந்துவிட்டது.
எழுபத்திரண்டு வயதில் ஒருவன் நிற்கிறான்,
அடுப்பை யார் பார்ப்பது?)

"எலும்பு பழையபடி நிமிராது ஐயா.
பொய் சொல்ல மாட்டேன்.
சதைக்குத்தான் பாடம் சொல்லிக் குடுக்கலாம்."
தரையில் ஒட்டிய நாடா வரை போய்த் திரும்பி வர
சித்திரையில் இருபத்திரண்டு விநாடி,
ஆவணியில் பதினான்கு.
அடிமட்டம் மறுபடி நுழைந்தது.
"ஏழரை."

ஏழரை என்றதும் சனியன் என்று வாய்க்குள் வந்தது,
விழுங்கிவிட்டேன். பாவம், அந்தப் பிள்ளை
அவ்வளவு சந்தோசமாகச் சொன்னாள்.

ஒன்றரைச் சென்ரிமீற்றருக்குள் என்ன அடங்கும்?
பின்னேரம் கடற்கரைச் சீமெந்து வாங்கில் இருந்து பார்த்தேன்.
போன மாதம் வரை நுரையோடு முடிந்த கடல்
இன்று கொஞ்சம் நீண்டிருந்தது.
அதன் நுனியில் ஒரு கப்பலின் அடிவயிறு,
துருப்பிடித்த சிவப்புக் கோடு.
பாரம் இறக்கிவிட்டுப் போகிறது;
நீர்மட்டம் பார்த்தால் எனக்குத் தெரியும்.
புகைபோக்கிக்கு இன்னும் இரண்டாவது வேண்டும்.

தூறல் விழுந்தது.
"எழும்புங்கோ" என்றாள் கனகாம்பிகை.
கை ஊன்றாமல்தான் எழும்பினேன்.
அவள் பார்க்கவில்லை,
மணலில் தன் மற்றச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.
எனக்கு அது முதலே தெரிந்தது.